பங்கும் வட்டியும் ஒன்றல்ல

காணியை விட்டு வந்த எம்மவர் கையில் எஞ்சியிருக்கும் பணம் சிறியது. அதைக் கேட்டு வருவோர் பேசும் சொற்களோ பெரியவை. அச்சொற்கள் விளங்காமல் ஒரு சதமும் கொடுக்கலாகாது என்பதே எமது கருத்து.

வங்கியில் நிலையான வைப்பு இடுவது, வயலைக் குத்தகைக்குக் கொடுப்பது போன்றது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் பேசிய வட்டி உண்டு. பங்கு வாங்குவது, வயலை வாரத்துக்கு விடுவது போன்றது. கம்பனி இலாபமீட்டி, அதைப் பகிரத் தீர்மானித்தால் மட்டுமே பங்கிலாபம். நட்டப்பட்டால் போட்ட முதலும் குறையும்.

பங்கு விலை வெங்காய விலைபோல் ஏறி இறங்கும். 2022 ஏப்ரலில், நாட்டின் நெருக்கடி காரணமாகக் கொழும்புப் பங்குச் சந்தையே ஒரு வாரம் மூடப்பட்டிருந்தது. அந்த வாரம் பிள்ளையின் மருந்துக்குக் காசு தேவைப்பட்டிருந்தால் பங்கை விற்கவும் வழியில்லை.

ஆகவே, “மாதாமாதம் நிச்சயமான இலாபம்” என்று ஒருவர் சொன்னால், அவர் பேசுவது பங்கைப் பற்றியல்ல. ஆள் சேர்த்தால் பணம் என்றால் அது பிரமிட் திட்டம். இலங்கையில் அது சட்டப்படி குற்றம்.

பங்கு கெட்டதல்ல. மிஞ்சிய நெல்லை விற்று வாங்கலாம். விதைநெல்லை விற்று வாங்கலாகாது.