அழுவது குழந்தை, வெட்கப்பட வேண்டியவர் யார்?



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்திலிருந்து கைக்குழந்தைகளின் அலறல் பாதை வரை கேட்கும். குளிர்ந்த நீர் உச்சியில் பட்டதும் பிள்ளை வீறிட்டு அழும். அங்கே எவரும் முகம் சுளிப்பதில்லை. "பிள்ளைக்காரி வாரா, வழி விடுங்க" என்று ஒதுங்கி நிற்பர். முன்பின் அறியாதவர்கூடத் தம் துண்டை நீட்டுவர். இதே மக்கள் விமானத்தில் ஏறி இருக்கைப் பட்டையை மாட்டியதும் வேறு மனிதர்களாக மாறிவிடுகின்றனர். இம்மாற்றத்தைக் குறித்தே இக்கட்டுரை.

2025 சாரல் காலத்தில் எம் தமக்கையின் மகள், ஐந்து மாதக் குழந்தையுடன் ஷார்ஜாவில் இருக்கும் கணவரிடம் புறப்பட்டாள். அவளுக்கு அதுவே முதல் விமானப் பயணம். தாய்மாமன் மஹ்ரம் என்பதால் நாம் உடன் சென்றோம். தென்காசி, கடையநல்லூர், வடகரை, புளியங்குடி எங்கும் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு அரிது. ஆயினும் கடல் கடந்து பறக்க நமக்கு அருகில் வாய்த்தவை திருவனந்தபுரமும் மதுரையும்தாம். செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, நெடுமங்காடு என மலைப்பாதையில் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் கார் ஓடியது. விமானத்தைக் காணும் முன்னரே தாயும் பிள்ளையும் களைத்துவிட்டனர்.

நெடுமங்காட்டில் தேநீருக்காக நிறுத்தியபோது அவள் பையிலிருந்து ஒரு சிறு மருந்துக் குப்பியை எடுத்தாள். "மாமா, இதை எப்போ கொடுக்கணும்? ஏறுறதுக்கு முன்னாடியா, ஏறின பிறகா?" என்று கேட்டாள். சளி மருந்து. ஆனால் குழந்தைக்குச் சளி இல்லை. "பிள்ளை அசந்து தூங்கும், ஒருத்தரும் ஏச மாட்டாங்க" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருக்கின்றனர். மருந்துக் கடைக்காரரும் சீட்டுக் கேளாமல் கொடுத்திருக்கிறார்.

உண்மையைச் சொல்வதானால், "முன்னாடியே கொடுத்துடு" என்று சொல்ல நாமே வாயெடுத்தோம். ஏதோ ஒன்று தடுத்தது. மக்தபில் எம்மிடம் ஓதி, இன்று செவிலியராகப் பணிபுரியும் மாணவி ஒருவரை அழைத்துக் கேட்டோம். "ஹஜ்ரத், அதைத் தூரப் போடச் சொல்லுங்க. இறங்கும்போது பால் கொடுக்கச் சொல்லுங்க, அது போதும்" என்றார்.

அதன் காரணத்தைப் பின்னர் விளங்கிக்கொண்டோம். நடுக்காதையும் தொண்டையின் பின்புறத்தையும் ஒரு நுண்குழாய் இணைக்கிறது. கைக்குழந்தைகளுக்கு அது குறுகியது. விமானம் இறங்கும்போது உள்ளே காற்றழுத்தம் கூடும். அக்குழாய் திறந்து அழுத்தம் சமன்படாவிட்டால் செவிப்பறை வலிக்கும். கொடைக்கானலிலிருந்து பேருந்தில் இறங்கும்போது நமக்குக் காது அடைப்பதும் இதுவே. நாம் எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்கிறோம். குழந்தைக்கு அது தெரியாது, ஆகவே அழுகிறது. பால் குடித்தால் விழுங்கும், விழுங்கினால் குழாய் திறக்கும், வலி தணியும். மருந்தால் மயங்கிக் கிடக்கும் பிள்ளையோ விழுங்குவதே குறைவு. அடங்கியது அழுகைதான், வலி அன்று.

இதற்கும் மேலான ஆபத்து ஒன்று உண்டு. உறக்கம் தரும் சளி மருந்துகள் பச்சிளம் குழந்தையின் மூச்சையே மந்தமாக்கக்கூடும். குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் இரண்டும் கலந்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரிலேயே அறிவுறுத்திவிட்டது. நாம் ஷார்ஜா சென்று திரும்பிய சில மாதங்களில், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த செய்தி வந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அம்மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அங்கே கொன்றது மருந்தில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு. எல்லா மருந்திலும் அது இருப்பதில்லை. எனினும் அதே அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதித் தரவோ வழங்கவோ கூடாது என்று பொதுவாகவே அறிவுறுத்தியது. நோயுற்ற பிள்ளைக்கே ஆகாது என்று சொல்லப்பட்டதை, நோயற்ற பிள்ளைக்கு ஊர் வாய்க்கு அஞ்சி ஊற்றுவதற்கு மார்க்கத்தில் என்ன ஆதாரம்? குழந்தையின் உடல் நம்மிடம் உள்ள அமானிதம். பக்கத்து இருக்கைக்காரரின் தூக்கத்துக்கு அதை விலையாகக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

விமானத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணத்தில் குழந்தை மூன்று மணி நேரம் அமைதியாகவே இருந்தது. இறங்கத் தொடங்கியதும் அழுதது. பால் கொடுக்கச் சொன்னோம். அவள் தயங்கினாள். இருபுறமும் ஆண்கள். துப்பட்டி போதுமான மறைப்பாக இருந்தும் கை நடுங்கியது. அப்போது முன்வரிசையில் இருந்தவர் திரும்பி, "பிள்ளையை அழாமப் பாத்துக்கத் தெரியாதா? தெரியாதவங்க எதுக்கு ஏறுறீங்க?" என்றார். அவர் தலையில் தொப்பி இருந்தது. கையில் தஸ்பீஹும் இருந்தது.

நாம் வாய் திறக்கவில்லை. இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஹதீஸ் கற்பிக்கும் நாம், கற்பித்ததைச் சொல்லவேண்டிய இடத்தில் ஊமையாய் இருந்தோம். அன்று சொல்லத் தவறியதை இன்று எழுதுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்ட எண்ணி நிற்பார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால் சுருக்கிவிடுவார்கள். அத்தாயின் மனம் படும் பாட்டை அறிந்ததே காரணம் என்று அவர்களே கூறியதாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தொழுகையைவிட உயர்ந்த அமல் எது? அதையே ஒரு குழந்தையின் அழுகைக்காகச் சுருக்கினார்கள். அத்தாயைக் கண்டிக்கவில்லை; அவளைப் பள்ளிக்கு வரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அந்நபியின் உம்மத்தாகிய நமக்கு அரைமணி நேர உறக்கத்தைச் சுருக்க மனம் வரவில்லை.

பயணத்தில் அவர்களின் வழக்கம் யாது? கூட்டத்தின் பின்னால் வருவார்கள். பலவீனரை முன்னே நடத்துவார்கள். தம் வாகனத்தில் ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காக துஆச் செய்வார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. அந்தப் பின்வரிசை இன்று எங்கே இருக்கிறது? பாதுகாப்புச் சோதனையில் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பையுமாக நிற்கும் இளம் தாயின் அருகில் இருக்கிறது. அந்தப் பையை வாங்கிப் பிடிப்பது ஸுன்னத்தைப் பேணுவதாகும்.

"மற்றப் பயணிகளுக்கும் உரிமை உண்டே? விடிந்தால் வேலைக்குப் போகவேண்டியவர் உறங்கவேண்டாமா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. அடியார்களின் உரிமையை மார்க்கம் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே தாயின் குடும்பத்தார் தம்மால் இயன்றதைச் செய்தாகவேண்டும். பால் கொடுக்கும் நேரத்தை இறக்கத்தோடு பொருத்திக்கொள்ளட்டும். தரையிறங்க ஏறத்தாழ அரைமணி நேரத்துக்கு முன் இறக்கம் தொடங்கும், பணிப்பெண்ணிடம் கேட்டால் சொல்வார். மாற்று உடையும் துணியும் கைப்பையிலேயே இருக்கட்டும். குழந்தைக்கான பாலும் வெந்நீரும் பயணத்துக்குத் தேவையான அளவில் 100 மில்லிலிட்டர் வரம்பைக் கடந்தும் அனுமதிக்கப்படும். சோதனையில் எடுத்துக் காட்டினால் போதும். உண்மையிலேயே சளியோ காதுவலியோ இருந்தால் புறப்படுமுன் குழந்தை மருத்துவரிடம் காட்டட்டும். இவ்வளவும் செய்த பின்னும் குழந்தை அழுதால், அது எவர் உரிமையையும் பறிக்கவில்லை. தன் வலியைச் சொல்கிறது. சொல்ல அதற்கு வேறு மொழி இல்லை.

கணவன்மாருக்கும் ஒரு சொல். சில ஆயிரம் மிச்சமாகும் என்று நள்ளிரவுச் சீட்டை எடுத்து, முதன்முறை பறப்பவளைப் பச்சைப் பிள்ளையுடன் தனியே அனுப்பிவிட்டு, "எல்லாரும் வரத்தானே செய்றாங்க" என்று சொல்லாதீர். இரண்டு வயது வரை குழந்தை மடியில்தான் அமரும். அந்த மடி நான்கு மணி நேரம் அசையாமல் இருக்கவேண்டும். தொட்டில் வசதியுள்ள விமானமா என்று சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள். இயன்றால் துணைக்கு ஒருவரை அனுப்புங்கள்.

பாலூட்டுவதை வெட்கமாக்கியவர்களுக்கும் ஒரு சொல். பாலூட்டும் காலத்தை அல்லாஹ் தன் வேதத்திலேயே குறிப்பிட்டிருக்கிறான். மறைத்துக்கொண்டு ஊட்டும் தாயிடம் ஹயா குறைவதில்லை. அவளை உற்றுப் பார்க்கும் கண்ணிடமே அது குறைகிறது. பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கு வந்தது என்பதை மறவாதீர்.

பாலூட்டினால் வெட்கம், அழவிட்டால் ஏச்சு. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இளம் தாயை நிறுத்திவிட்டு, அவள் கையில் மருந்துக் குப்பி இருப்பதைக் கண்டு நாம் வியக்கிறோம். அக்குப்பியைத் திறப்பது அவள் கை அன்று, நம் முகச்சுளிப்பு.

எம் மருமகள் இறுதியில் துப்பட்டியை இழுத்துவிட்டுப் பால் கொடுத்தாள். சக்கரம் தரையைத் தொடும் முன் குழந்தை அடங்கியது. அக்குப்பியை நெடுமங்காட்டிலேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டிருந்தோம். அல்ஹம்துலில்லாஹ். இல்லையேல் அன்று நம் மௌனத்துக்கும் முன்வரிசைக்காரரின் ஏச்சுக்கும் நடுவே அவள் என்ன செய்திருப்பாளோ என்று எண்ணும்போதெல்லாம் நெஞ்சு நடுங்குகிறது.

அடுத்த முறை விமானத்தில் ஒரு குழந்தை அழுதால், ஐந்தருவியில் சொல்வதையே அங்கும் சொல்லுங்கள்: "பரவாயில்லம்மா, பிள்ளையைப் பாரு." அச்சொல்லை முதலில் சொல்பவராக எம்மையும் உங்களையும் வல்ல அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.