படம் என்னுடையது, சுவரொட்டி எல்லாருடையது

சென்ற ஆண்டு மாணவர் நாடகம் ஒன்றின் சுவரொட்டிக்கு ஓவியம் வரைந்து கொடுத்தேன். ஓரம்போ வீட்டின் வாசற்படியில் அமர்ந்திருக்கும் ஒரு பாட்டி. பின்னால் சன்னல்கள், பூந்தொட்டிகள், வானம். தாளில் விரல் வைக்கக்கூட இடம் விடாமல் ஒன்பது இரவுகள் வரைந்தேன்.

சுவரொட்டியை வடிவமைத்தவர் என் சீனத் தோழி. அவர் அனுப்பிய மாதிரியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. பாதி வானத்தைக் காணோம். பூந்தொட்டிகள்மேல் நாடகத்தின் பெயர். “என் படத்தைக் கெடுத்துவிட்டார்” என்று அம்மாவிடம் புலம்பினேன். இரண்டையும் பார்த்த அம்மா என் ஓவியத்தைக் காட்டி, “ரொம்ப அழகா இருக்கு. ஆனா, நாடகம் எங்க, எத்தனை மணிக்குன்னு இதுல எங்க போடுவாங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை வரையத் தொடங்கும் முன்பே நான் தோழியிடம் கேட்டிருக்க வேண்டும். சுவரொட்டியின் அளவு என்ன, எழுத்து எங்கே வரும், எத்தனை மொழிகளில் வரும், கைப்பேசித் திரைக்காகச் சதுர வடிவமும் தேவையா என்பதையெல்லாம் முதலிலேயே பேசிவிட வேண்டும். இருமொழிச் சுவரொட்டியில் இது இன்னும் முக்கியம். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் செய்தி தமிழில் இரண்டு வரிகளுக்கு நீளக்கூடும்.

அடுத்து, பென்சில் நிலையிலேயே படத்தைக் காட்டிவிடுங்கள். உள்ளங்கை அளவில் மூன்று மாதிரிகள் போதும். அந்தக் கட்டத்தில் ஒரு மாற்றம் பத்து நிமிட வேலை. வண்ணம் தீட்டிய பிறகு அதே மாற்றம் ஓர் இரவை விழுங்கிவிடும். பாட்டியையும் பின்னணியையும் தனித்தனி லேயர்களாகக் கொடுங்கள். அச்சகத்தில் வெட்டுவதற்காக நான்கு ஓரங்களிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையுங்கள். திரையில் மின்னும் நீலம் அச்சு மையில் மங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். என் வானம் அப்படித்தான் மங்கியது.

அதற்காக, வடிவமைப்பாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுத்துக்கு இடம் வேண்டி தோழி படத்தை இடவலமாகத் திருப்பியிருந்தார். பாட்டியின் முந்தானை வலத்தோளுக்குப் போய்விட்டது. “பிடிக்கவில்லை” என்று மட்டும் நான் சொல்லியிருந்தால் வாக்குவாதம்தான் வளர்ந்திருக்கும். சேலையை எப்படி உடுத்துவார்கள் என்று விளக்கியதும், பாட்டியை மட்டும் அவர் உடனே பழையபடி மாற்றினார்.

ஆனால், அதைவிடப் பெரிய பிழையை நான் கவனிக்கவே இல்லை. அச்சுக்கு அனுப்புவதற்கு முந்தைய இரவுதான் தலைப்பு என் கண்ணில் பட்டது. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் சில வடிவமைப்பு மென்பொருள்களில் இப்படி நேரும். தோழிக்குத் தமிழ் தெரியாது. எங்கள் இருவரில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த மாதிரியை எத்தனையோ முறை திறந்து பார்த்திருந்தேன். ஒவ்வொரு முறையும் வானம் எவ்வளவு வெட்டுப்பட்டது என்பதை மட்டுமே அளந்துகொண்டிருந்தேன்.

உரிமையைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவரின் படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் பொதுவாக அவரை அடையாளம் காட்ட வேண்டும். மாணவர் நிகழ்ச்சி என்றாலும் உங்கள் பெயரைப் போடும்படி கேளுங்கள். வடிவமைப்பாளரின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். எங்கள் சுவரொட்டியில் என் பெயர் மட்டும் இருந்தது. தலைப்பைத் திருத்த விடியும்வரை விழித்திருந்தவரின் பெயர் இல்லை. அதை நான் அப்போது கேட்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

தமிழ்மொழி விழாவுக்காக நம்மில் பலர் ஆண்டுதோறும் சுவரொட்டி வரைகிறோம். தமிழ் தெரியாத நண்பர்களும் அதில் கைகொடுக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாததைப் பார்த்துச் சொல்வதும் ஓவியரின் வேலைதான். இந்த ஆண்டும் நானும் தோழியும் சேர்ந்து ஒரு சுவரொட்டி செய்கிறோம். இம்முறை, பென்சிலை எடுக்கும் முன் தலைப்பைத் தட்டச்சு செய்து அவருக்கு அனுப்பிவிட்டேன்.