காயில் மாத்தியாச்சு, உதறல் நிக்கல

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைச் சிக்னலில் நிற்கையில் கார் உதறுகிறது. பச்சை விழுந்து நகர்ந்ததும் ஒன்றும் தெரிவதில்லை. இந்தப் புகாரோடு வரும் காருக்குப் பல பட்டறைகளில் நடப்பது ஒரே சடங்கு: முதலில் பிளக், அடுத்து காயில், பிறகு திராட்டல் பாடி கழுவுதல், அதிலும் தீராவிட்டால் இன்ஜெக்டர். நான்காவது பில்லில் உதறல் நின்றாலும் எதனால் நின்றது என்று போர்மேனுக்கும் தெரியாது, காசு கொடுத்தவருக்கும் தெரியாது. பழியை முழுக்கப் போர்மேன்மீது போட நான் தயாரில்லை. சாமான் விலையை முணுமுணுத்தாவது கொடுத்துவிடும் நாம், கோளாறைக் கண்டுபிடிக்கக் கூலி என்றால் முகம் சுளிக்கிறோம். கிடைப்பதும் அதற்கேற்பத்தான்.

கண்டுபிடிப்பதற்கான தடயம் பட்டறைக்குப் போகும் முன்பே காரில் இருக்கிறது. நாலு சிலிண்டர் என்ஜின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றினால், ஒரு சிலிண்டர் நொடிக்கு ஆறு தடவை சொச்சம்தான் வெடிக்கிறது. அதில் ஒன்று தவறினாலும் ஸ்டீயரிங்கில் தெரியும். திராட்டல் ஏறக்குறைய மூடியிருக்கும் அந்த நிலையில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம். சூட்டில் இறுகி வெடித்த ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைந்தால், பெட்ரோலின் விகிதம் குறைந்து கலவை பற்றாமல் போகும். வேகமெடுத்ததும் அதே கசிவு மொத்தக் காற்றில் சொற்பமாகிவிடும், உதறலும் மறையும். பலவீனமான காயிலின் குணம் பெரும்பாலும் நேர்மாறு. காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. பொறி தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும், அது காயிலிடம் இல்லை. ‘டி’யில் பிரேக் மிதித்து நிற்கையில் மட்டும் அதிர்ந்து, என்ஜின் சத்தம் சீராகவே இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது என்ஜின் மவுண்டிங். அங்கே பிளக்குக்கு வேலையே இல்லை. “எப்போது உதறுகிறது, ஏர்கோன் போட்டால் கூடுகிறதா?” என்று இரண்டு கேள்வி கேட்டாலே சந்தேகப் பட்டியல் பாதியாகச் சுருங்கும்.

அதுதான் ஸ்கேனர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; அது தருவது விலாசம் மட்டும். ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் ஷாஃப்ட் சற்றே வேகமெடுக்கும். ஒரு சிலிண்டரின் முறையில் அந்த வேகம் வராவிட்டால் காரின் கணினி அதன் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டர் வெடிக்கத் தவறியது என்று பொருள். முதல் காயில் கெட்டுவிட்டது என்றல்ல. பிளக், இன்ஜெக்டர், வால்வு கசிந்து கம்ப்ரஷன் இறங்குதல், எதுவும் அதே எண்ணைத் தரும். செலவில்லாத சோதனை ஒன்று உண்டு: முதல் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பது. குறியீடு பி0303 என்று மாறினால் காயில்தான். முதல் சிலிண்டரிலேயே நின்றால் காயிலை விட்டுவிட்டுப் பிளக், இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன் கேஜ் என்று போக வேண்டும். பி0300 வந்தால் தவறுதல் ஒரு சிலிண்டரோடு நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான காற்றுக்கசிவையும் பெட்ரோல் அழுத்தத்தையும் பார்ப்பதே முறை.

அனுபவசாலிக்குக் காதே போதும் என்ற வாதத்துக்கு மரியாதை கொடுக்கிறேன். ஆனால் 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவைப் பழுதுபார்த்த தலைமுறை காதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஓடும் என்ஜினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கழற்றியதும் என்ஜின் இன்னும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் வேலை செய்யாதது. 2005இல் வந்த மைவியில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் என்பதால், வயருக்குப் பதில் காயில் சாக்கெட்டைக் கழற்ற வேண்டும். மற்றபடி சோதனை அதேதான்.

“பிளக் என்ன பெரிய விலையா, மாற்றிவிட்டுப் பார்ப்போமே” என்பதிலும் நியாயம் உண்டு. ஆயுள் முடிந்த பிளக்கை மாற்றுவது பராமரிப்பு. அதை யார் மறுப்பது? சிக்கல் வேறிடத்தில். டேப்பட் கவர் பேக்கிங் இறுகிப்போனால் ஆயில் பிளக் குழிக்குள் இறங்கி, காயில் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். புதுக் காயில் போட்டதும் உதறல் நிற்கும். ஆயில் நிற்காது, புதுக் காயிலும் அதே வழியில் போகும். டார்ச் அடித்துக் குழியைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது! ரோன் 97 அடித்தால் சரியாகும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே முடித்துவிடலாம். ஆக்டேன் எண் நாக்கிங்கைத் தடுக்கத்தான். பொறியே வராத சிலிண்டரில் எந்தப் பெட்ரோலும் பற்றாது.

பட்டறை முதலாளியின் பதில்தான் கனமானது: பார்க்கவே கூலி கேட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். உண்மை. தனியார் கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனை இங்கே கட்டாயமில்லை, எனவே என்ஜினின் நிலையைச் சொல்ல வேறு ஆளும் இல்லை. சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். ஆனால் சாமான் பெயரும் விலையும் மட்டுமே உள்ள பில்லை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? எந்தச் சிலிண்டர், என்ன சோதனை, முடிவு என்ன என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். அதற்கென்று தனியாக ஒரு தொகையும் கொடுங்கள். செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் இதற்கெல்லாம் அவகாசம் உண்டு. சிமிட்டினால் கிடையாது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடக்கூடும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளான் வரை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று பார்க்காமல், ஓரங்கட்டி டோ டிரக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.