கூத்து வாத்தியார்கள் மனசு வைத்தால்...!

பொழுது சாய்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடிந்த தொழிலாளர்கள் மின்சார ரெயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள்.

அதே நேரத்தில் டீக்கடை ஓரத்திலும் பாலத்தடியிலும் பதினாலு, பதினைந்து வயதுப் பையன்கள் கூடுகிறார்கள். அப்பா ஒரு ஷிப்டு. அம்மா வேறு கம்பெனி. "ஏன்டா லேட்டு?" என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

கையில் செல்போன். கொஞ்ச நாளில் பீடி. அப்புறம் பாட்டில். அதற்கும் அப்புறம் கஞ்சா, அடிதடி, போலீஸ் நிலையம்!

நிலைய வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் தாய்மார்கள் சொல்வது ஒன்றுதான்: "எம் புள்ளை நல்லவன்தாங்க. சேர்க்கைதான் சரியில்லே!"

நல்ல சேர்க்கையைத் தேடி வெகு தூரம் போகவேண்டாம். பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. அதுதான் தெருக்கூத்து!

விடிய விடிய...

திருவள்ளூர், பொன்னேரி, ஊத்துக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்து இல்லாமல் நடக்காது. மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம். விடிய விடிய பாட்டும் ஆட்டமும்!

பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கம் மனப்பாடம் வராத பையன், ஜமாவில் சேர்ந்தால் ராத்திரி முழுவதற்கும் உள்ள பாட்டையும் வசனத்தையும் நெஞ்சில் ஏற்றிக்கொள்கிறான். பத்துப் பேர் முன்னால் வாய் திறக்கக் கூசியவன், ஊரே பார்க்க மைக் இல்லாமல் குரல் எடுக்கப் பழகுகிறான்.

இன்னொன்று. துகில் உரியும் கட்டத்தில் பல ஊர்களில் கூத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றுவார்கள். அம்மனைக் கும்பிட்ட பிறகுதான் துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பார். வேஷத்துக்காகக்கூட ஒரு பெண்ணை அவமதிக்க மனசு நடுங்கவேண்டும் என்ற பாடம் அது. இன்றைய வாலிபர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

படிப்பு போகக்கூடாது!

அந்தக் காலத்தில் பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பால சபாவில் டி.கே.சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது 6! பின்னாளில் 'அவ்வை' சண்முகம் என்று நாடே கொண்டாடியது. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அப்படிப்பட்ட கம்பெனிகளில் வளர்ந்தவர்கள்தான்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அடியும் உதையும் ஒரு பக்கம். பள்ளிக்கூடப் படிப்பு போனது இன்னொரு பக்கம். பெயர் வாங்கியவர்களை நாடு அறியும். பெயர் வாங்காத பையன்களை யார் அறிவார்?

இதைப் பட்டே தெரிந்துகொண்டவர் பெருங்கட்டூர் ராஜகோபால். கூத்துக்காகச் சிறு வயதிலேயே படிப்பை விட்டவர். 1990-ல் காஞ்சீபுரத்தில் கட்டைக்கூத்து சங்கம் உருவாக முன்நின்றார். 2002-ல் அதன் சார்பில் குருகுலம் தொடங்கியது. அங்கே பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகமும் உண்டு, கூத்தும் உண்டு. ஆண்களே ஆடிய கூத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள்! அந்தக் குருகுலம் இப்போது நடைபெறவில்லை. ஆனால் அது காட்டிய வழி இருக்கிறது.

யார் செய்வது?

ஒவ்வொரு ஜமாவும் ஐந்து பிள்ளைகளை எடுத்துக்கொள்ளட்டும். சனி, ஞாயிறில் இரண்டு மணி நேரம் போதும். பள்ளிக்கூட மைதானத்தைத் திறந்துவிட்டால் இடமும் தயார். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பழகியதைக் காட்ட மேடையும் இருக்கிறது. வெளி மாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளையும் சேர்க்கலாம். தாளம் போட தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை!

"ஓசியிலே சொல்லிக் குடுங்க" என்று மட்டும் கேட்கக்கூடாது. சீசன் முடிந்தால் கர்ணன் வேஷக்காரர் கூலி வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைக் கூலியை விட்டு வருகிறவருக்கு அந்தக் கூலியையாவது கொடுக்க வேண்டாமா?

பணத்துக்கும் வழி இருக்கிறது. 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, வருடத்துக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் பார்க்கும் கம்பெனி, மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் கலையும் அந்தப் பட்டியலில் உள்ளவைதான். சிப்காட்டில் புகை விடும் ஆலைகள் அதில் ஒரு சிறு துளியைக் கூத்து வாத்தியார்களுக்கு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

ஒரு பையன் கத்தியை எடுத்த பிறகு போலீஸ், கோர்ட்டு, சீர்திருத்தப் பள்ளி என்று ஆகும் செலவைவிட, அவன் கையில் ஒரு ஜோடி தாளம் கொடுப்பது மலிவு!

ஆலை முதலாளிகளும் அதிகாரிகளும் கவனிப்பார்களா?