மீன்தொட்டிக்கு அக்ரிலிக்: எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது?

மீன்தொட்டி ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் செலவு அதோடு நிற்பதில்லை. ஒரு ஃபைட்டர் மீன் வாங்கி வந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே, ''தனியா இருக்குப்பா, இன்னொண்ணு வாங்கலாம்'' என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு ஆண் ஃபைட்டர்களை ஒன்றாக விட்டால் வால் கிழியச் சண்டை போடும்; நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். கப்பி குட்டி போடப்போகிறது என்றால், தாய் மீனே குட்டிகளைத் தின்றுவிடாமல் இருக்க ஒரு பெட்டி வேண்டும். தண்ணீர் சீக்கிரம் கலங்குகிறது என்றால் ஃபில்டர் பெட்டி. சென்னை கொளத்தூரில் மீன் கடைகளை ஒரு சுற்று சுற்றினால் இதெல்லாம் ரெடிமேடாகவே கிடைக்கும். ஆனால் வீட்டில் இருக்கும் தொட்டிக்கு அளவு பொருந்த வேண்டுமே! 'ஒரு அக்ரிலிக் ஷீட் வாங்கி நாமே செய்தால் என்ன?' என்ற யோசனை அங்கேதான் பிறக்கிறது.

நல்ல யோசனைதான். அதற்கடுத்து வரும் யோசனைதான் வில்லங்கம்: 'அப்படியே தொட்டியையும் அக்ரிலிக்கிலேயே செய்துவிடலாமே!'

அக்ரிலிக்கின் கவர்ச்சி புரியக்கூடியது. அதே அளவு கண்ணாடியின் எடையில் பாதிகூட இருக்காது. கண்ணாடி போலவே பளிச்சென்று தெரியும். கைதவறி எதாவது பட்டாலும் சில்லுச் சில்லாகச் சிதறாது. ஜப்பானில் ஒகினாவா சுராவுமி மீன் காட்சியகத்தில், திமிங்கலச் சுறா நீந்தும் தொட்டியின் முகப்பு 22.5 மீட்டர் அகலம், 8.2 மீட்டர் உயரத்துக்கு அக்ரிலிக்தான். ஆனால் அதன் தடிமன் 60 சென்டிமீட்டர்! அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அக்ரிலிக் சுலபத்தில் உடையாது. ஆனால் சுலபத்தில் வளையும். விறைப்பு என்று பார்த்தால் கண்ணாடியில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். கண்ணாடி அசையாமல் தாங்கும் பாரத்துக்கு அக்ரிலிக் தொப்பை போட்டுவிடும். தொப்பை போடும்போது ஓரத்து ஒட்டுகள் இழுபடும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஒருநாள் நடுராத்திரியில் தெரியும்.

தண்ணீரின் பாரத்தைப் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். தொட்டி எவ்வளவு நீளம் என்பதைவிட எவ்வளவு உயரம் என்பதே முக்கியம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. உயரத் தொட்டியில் தண்ணீர் நிரம்பி நின்றால், முன்பக்கப் பலகையை அது சுமார் 27 கிலோ பாரத்துடன் தள்ளும். அதே நீளத்தில் உயரத்தை மட்டும் 45 செ.மீ. ஆக்கினால் அது சுமார் 61 கிலோ. உயரம் ஒன்றரை மடங்கு. தள்ளும் விசையோ இரண்டே கால் மடங்கு. அதனால்தான் ஒரு அடி உயரத்துக்கு 6 மி.மீ., ஒன்றரை அடிக்கு 10 மி.மீ. என்று தடிமன் கூடிக்கொண்டே போகிறது. அதுவும் மேல் விளிம்பைச் சுற்றி உள்பக்கமாக ஒரு சட்டம் ஒட்டினால்தான். அந்தத் தடிமனில் விலை விசாரித்துப் பார்த்தால், கண்ணாடித் தொட்டியே தேவலை என்று தோன்றிவிடும்.

பெரிய நிறுவனங்கள் செய்த தொட்டிக்கே ஆபத்து வந்திருக்கிறது. 2022 டிசம்பர் 16, விடிவதற்கு முன்பு, ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு ஹோட்டல் கூடத்தில் நின்ற 'அக்வாடோம்' என்ற உருளை வடிவ அக்ரிலிக் தொட்டி வெடித்துச் சிதறியது. 14 மீட்டர் உயரம், சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீர், சுமார் 1,500 மீன்கள். பெரும்பாலான மீன்கள் செத்துப்போயின. இரண்டு பேருக்குக் காயம். பகல் நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கும். ஆராய்ந்த நிபுணர்களால் காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. மூன்று வாய்ப்புகளைச் சொன்னார்கள்: ஒட்டு விட்டிருக்கலாம், புதுப்பிக்கும் வேலையின்போது அடிப்பகுதியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கலாம், அப்போது தொட்டி காலியாக இருந்ததில் அக்ரிலிக் காய்ந்து பலவீனமாகியிருக்கலாம். அக்ரிலிக் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள். காயும்போது மேற்பரப்பு சுருங்கி இழுக்கும். பழைய அக்ரிலிக் தொட்டியை மொட்டை மாடி வெயிலில் மாதக்கணக்கில் காயப்போட்டுவிட்டு, மறுபடி நிரப்பி ஹாலில் வைப்பவர்கள் இந்த மூன்றாவது வாய்ப்பை இன்னொரு முறை படிக்கவும்.

ஆக, தண்ணீரைத் தாங்க வேண்டியது கண்ணாடி. தண்ணீருக்குள் இருக்க வேண்டியது அக்ரிலிக். முதல்முறை செய்பவர்களுக்கு இந்தப் பிரிவினை போதும். தடுப்புக்கும் குட்டிப் பெட்டிக்கும் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்பதால், தள்ளுமுள்ளே கிடையாது. 3 மி.மீ. ஷீட் தாராளம். ஒட்டு சரியாக வராவிட்டாலும் தரை நனையாது.

முழு ஷீட் எட்டுக்கு நான்கு அடி. அதை வாங்க வேண்டியதில்லை. சைன் போர்டு செய்யும் கடைகளில் வெட்டியது போக மீந்த துண்டுகள் இருக்கும், கேட்டால் கிடைக்கும். 'காஸ்ட்' ஷீட்டா, 'எக்ஸ்ட்ரூடட்' ஷீட்டா என்று கேட்டு வாங்குங்கள். காஸ்ட் என்றால் அச்சில் ஊற்றி எடுத்தது. அறுக்கும்போது உருகிப் பிசுபிசுக்காது, ஒட்டும்போது மயிரிழை விரிசல் விடுவதும் குறைவு. எக்ஸ்ட்ரூடட் இயந்திரத்தில் பிதுக்கி எடுத்தது. விலை குறைவு, தடிமன் சீராக இருக்கும், ஆனால் கொஞ்சம் கோபக்காரன். காஸ்ட் ஷீட்டின் தடிமன் இடத்துக்கு இடம் சற்று மாறும் என்பதால், துண்டைச் செருகும் பள்ளம் வெட்டுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை வேலை முடியும்வரை பிரிக்காதீர்கள். கீறல் விழாமல் காப்பது அதுதான்.

ஃபைட்டர் தடுப்புக்குத் தெளிவான ஷீட் வேண்டாம். எதிராளியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டும் நாள் முழுக்க விறைத்துக்கொண்டு நிற்கும், சாப்பிடக்கூட மறந்துவிடும். கருப்பு அல்லது பால் வெள்ளை நல்லது. தண்ணீர் போய்வர 4 மி.மீ. துளைகள் போதும்.

3 மி.மீ. வரை வெட்ட ரம்பம் தேவையில்லை. அக்ரிலிக் வெட்டும் கத்தி ஒன்றும் இரும்பு ஸ்கேலும் போதும். ஒரே கோட்டில் பத்துப் பதினைந்து முறை இழுத்து, தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வந்ததும், மேஜை விளிம்பில் கோட்டை வைத்து ஒரே அழுத்து. 'டக்'கென்று நேராக உடையும். தயங்கித் தயங்கி அழுத்தினால் கோணல்தான். துளை போடும்போது அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள், டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள், ஓரத்தை ஒட்டித் துளைக்காதீர்கள். அவசரப்பட்டால் மறுபக்கம் பிட் வெளியே வரும் அந்த நொடியில் ஷீட் விரிந்துவிடும். லேசரில் வெட்டித் தருகிறோம் என்று கடையில் சொன்னால், தடுப்புக்கு ஓகே. தண்ணீர் கசியக்கூடாத ஒட்டுக்கு மட்டும் அப்படியே பயன்படுத்த வேண்டாம். சூட்டில் வெட்டிய ஓரத்தில் இறுக்கம் தங்கியிருக்கும். ஒட்டும் திரவம் பட்டதும் பொடி விரிசல் ஓடும்.

ஒட்டுவது என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அது பற்றவைப்பு. பல கடைகளில் குளோரோஃபார்ம்தான் பயன்படுத்துகிறார்கள்; டைகுளோரோமீத்தேன் உள்ள திரவங்களும் உண்டு. இரண்டு துண்டுகளையும் நேராக நிறுத்தி, சிரிஞ்சின் ஊசி முனையால் இடுக்கில் ஓட்டிவிட்டால், திரவம் தானாகவே ஓடி இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைக்கும். காய்ந்தால் இரண்டும் ஒன்றே. இடுக்கில் வெள்ளிக்கோடு போலக் குமிழ்கள் தெரிந்தால் அங்கே ஒட்டவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஓரம் சமமாக இல்லாததுதான் காரணம். அதனால் ஒட்டுவதற்கு முன் ஓரத்தை ஹாக்ஸா பிளேடின் முதுகால் சுரண்டி, உப்புத்தாளை ஒரு சமமான பலகையில் வைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்கள்தான் பிறகு சிலிகானைப் பூசிப் பூசி அழுவார்கள். சிலிகான் கண்ணாடியைப் பிடிப்பதுபோல அக்ரிலிக்கைப் பிடிக்காது. கொஞ்ச நாளில் தோல் உரிவதுபோல வந்துவிடும்.

இந்தத் திரவங்களில் விளையாட்டு வேண்டாம். ஆவியை மூச்சில் இழுக்கக் கூடாது, தோலில் படக் கூடாது. கதவு சாத்திய அறையில், ஏ.சி. போட்டுக்கொண்டு செய்யவே கூடாது. மொட்டை மாடி, காற்றோட்டம், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இல்லாத இடம். நெருப்பில் பட்டால் இந்த ஆவி கடும் விஷவாயுவாக மாறும். அளவெடுப்பது, கோடு போடுவது, காகிதம் பிரிப்பது எல்லாம் பிள்ளைகள் வேலை. சிரிஞ்சு பெரியவர்கள் கையில் மட்டும். மீந்ததை வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வேலை எந்த வீட்டிலும் நடக்கக் கூடாது.

ஒட்டு ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடும். முழு பலம் வர நாளாகும். மீன் இருக்கும் தண்ணீரில் உடனே இறக்காதீர்கள். இரண்டு நாள் காற்றில் காயட்டும், பிறகு ஒரு நாள் பக்கெட் தண்ணீரில் ஊறட்டும், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முகர்ந்தால் மருந்து வாடை கொஞ்சமும் இருக்கக் கூடாது.

தடுப்பைத் தொட்டியில் நிறுத்த, ஸ்டிக் ஃபைலின் ஓரத்தில் மாட்டும் பிளாஸ்டிக் பட்டை அருமையான பொருள். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் சிலிகானால் அதை ஒட்டி, நடுவில் ஷீட்டைச் செருகினால் வேண்டும்போது எடுக்கலாம், போடலாம். இழுபடாத இடம் என்பதால் இங்கே சிலிகான் தாங்கும். ஒட்டும்போது தொட்டி காலியாக, காய்ந்து இருக்க வேண்டும். மீன்கள் அன்று பக்கெட்டில். அடியிலும் ஓரத்திலும் இடைவெளி விடாதீர்கள். ஃபைட்டர் தன் உடம்பைவிடக் குறுகலாகத் தெரியும் சந்தில்கூட நுழைந்துவிடும். மேலேயும் தண்ணீர் மட்டத்துக்கு மேல் நான்கு விரல் உயரம் இருக்கட்டும், அது தாவும்.

மூடி செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்ரிலிக் மூடியின் அடிப்பக்கம் ஈரத்தை உறிஞ்சும், மேல்பக்கம் காய்ந்திருக்கும். ஒரு வாரத்தில் அப்பளம் மாதிரி வளையும். செய்தவர் மேல் தப்பில்லை. அவ்வப்போது திருப்பிப் போட்டால் நிமிரும், இல்லாவிட்டால் மூடியை மட்டும் கண்ணாடியில் வைத்துக்கொள்ளலாம்.

பாசி படிந்தால் ஸ்டீல் நார், பிளேடு இரண்டும் வேண்டாம். பழைய பருத்தி பனியன் துணி போதும். துணியில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் கோடு விழும், அலசிவிட்டுத் துடையுங்கள். அம்மோனியா, ஆல்கஹால் கலந்த கண்ணாடி கிளீனர் பக்கமே போகாதீர்கள். ஒட்டிய இடத்தில் சிலந்தி வலை மாதிரி விரிசல் கிளம்பும்.