சட்டத்தைத் திருத்தியது யார் கை?

புரோகிதரில்லாமல் நடந்த நகரத்தார் கலியாணம் ஒன்று செல்லாதென்று 1953-இல் சென்னை ஹைகோர்ட்டார் தீர்ப்பளித்ததைச் செட்டிநாட்டுத் தோழர்கள் அறிவார்கள். அக்கேடு நீங்கவே 1967-இல் அண்ணாதுரை மந்திரிசபையார் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ, ஏதேனும் ஒன்றே போதுமென்பது அதன் கருத்து. நகலில் ‘மற்றும்’ என்றிருந்ததை ‘அல்லது’ என்று மாற்றச் சொன்னவர் பெரியார் என்பதாக இயக்கத்தார் சொல்லி வருகிறார்கள். அவ்வொரு சொல் மாறியிராவிட்டால் தாலி கட்டாத தம்பதிகளின் கதி என்ன?

ஆனால் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால், எந்த வருஷத்துச் சட்டத்தால் சேர்ந்ததென்ற குறிப்பு இருக்கிறதே யொழிய, எச்சொல்லை யார், ஏன் மாற்றினாரென்ற விவரம் கிடையாது. சிவகங்கைப் பக்கத்து வட்டிக்கடைப் பேரேட்டில் ஒரு இலக்கத்தை அடித்தெழுதினாலும் யார் கையென்று முதலாளி கேட்பாரே!

கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் 2005 முதல் ‘கிட்’ என்னும் முறையால் ஒவ்வொரு வரியும் யாரால், எத்தேதியில் மாறிற்றென்று பதிந்து வருகிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரச் சட்டங்கள் அம்முறையில் வெளியாகி, 2018-இல் சாதாரணக் குடிமகன் ஒருவர் காட்டிய அச்சுப்பிழை திருத்தப்பட்டது. நம் சட்டசபை மசோதாக்களுக்கு, முதல் நகலிலிருந்தே, இவ்வித ஏடு வைப்பதில் என்ன கஷ்டம்? யார் கை பட்டதென்பது ஜனங்களுக்குத் தெரிந்துவிடும் என்பதைத் தவிர வேறு தடை நமக்குப் புலப்படவில்லை.