தரமணிச் சில்லறை வியாபாரமும் சனியும்

சென்னைத் தரமணியில் 2000-ம் வருஷத்தில் டைடல் பார்க் கட்டடம் திறக்கப்பட்டது. அதன் பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. 2007-ல் பறக்கும் ரயிலும் வந்து சேர்ந்தது. கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கும் வயிறு இருக்கின்றதல்லவா? ஆகவே இட்லி வண்டி, டீக்கடை, ஜெராக்ஸ் கடை, துணி தேய்க்கிற வண்டி, வீட்டில் சமைத்துச் சாப்பாடு அனுப்புகிறவர் என்று பல பேருக்கு அங்கே பிழைப்பு ஏற்பட்டது. இவர்கள் ஒருவனிடமும் கைகட்டி நிற்காமல் சொந்தக் கையை நம்பி வாழ்கிறவர்களானதால் நமக்கு இவர்களிடத்தில் தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்பினாலேயே சில சங்கதிகளைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப் போகின்றோம்.

இவர்களில் ஒருவருக்கு வியாபாரம் படுத்துவிட்டால், காரணம் என்ன என்று கேளுங்கள். "ஏழரை நாட்டுச் சனி" என்பார். இல்லாவிட்டால் "பக்கத்துக் கடைக்காரன் கண்" என்பார். உடனே ஜோசியனுக்கு ஒரு தட்சணை, வண்டிக்கு ஒரு எலுமிச்சம் பழம், முச்சந்தியில் ஒரு பூசணிக்காய். 2020-ல் கொரோனா வந்தபோது கம்பெனிகள் பூட்டப்பட்டன. அதிகாரிகளும் குமாஸ்தாக்களும் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். ரோட்டோரத்து அடுப்புகள் அணைந்தன. அன்று சனி பகவானின் கோயிலும் கூடப் பூட்டித்தானே கிடந்தது? தன் கதவையே திறந்துகொள்ள முடியாதவர் நம் கடையை மூடவோ திறக்கவோ எப்படி வருவார் என்று கேட்கின்றோம். பெரிய கம்பெனிக்காரரும் ஆயுத பூஜை போடாமலில்லை. ஆனால் அவர் ஒரு கணக்குப்பிள்ளையை வைத்துக்கொண்டு பூஜை போடுகிறார். நம்மவர் பூஜையை மாத்திரம் போடுகிறார்!

கணக்கு என்றால் என்ன? ஒரு உதாரணம் பார்ப்போம். புருஷனும் பெண்ஜாதியுமாய் ஒரு டிபன் வண்டி நடத்துகிறார்கள். நாளொன்றுக்கு 4,000 ரூபாய் விற்பனை. அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்ந்து 2,600. மீதி 1,400-ஐ லாபம் என்று மடியில் முடிந்துகொள்கிறார்கள். இது லாபமே அல்ல. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மாவு கலந்து, சட்னி அரைத்து, பாத்திரம் கழுவுகிற அந்த அம்மாளுக்குக் கூலி எங்கே? அதே வேலையை வேறொருவர் ஓட்டலில் செய்தால் 600 ரூபாயாவது கேட்கமாட்டாரா? புருஷனுக்கும் அப்படியே ஒரு 600. ஆக 1,200 போய்விட்டால் நிற்பது 200. வண்டி ரிப்பேர், மழைநாள் நஷ்டம், கடன் தவணை எல்லாம் இந்த 200-க்குள்தான் அடங்க வேண்டும். மனைவியின் உழைப்புக்கு விலையில்லை என்று நினைத்து வந்த புத்திதான், நஷ்டத்தை லாபம் என்று நினைக்கும்படியும் செய்கிறது. அந்தக் கூலியைத் தனியாக எடுத்து அந்த அம்மாள் கையில் கொடுத்து, நோட்டிலும் எழுதிப் பாருங்கள். இட்லியின் விலையை ஒரு ரூபாய் உயர்த்த வேண்டுமா, வேண்டாமா என்பது பத்து நாளில் தெரிந்துபோகும்.

இனி தண்டலுக்கு வருவோம். 10,000 ரூபாய் என்று பேர்; கைக்கு வருவது 8,500. நாளைக்கு 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். "1,500 தானே வட்டி" என்று நம்மவர் எண்ணுகிறார். ஆனால் அந்த 8,500-ம் நூறு நாளும் அவரிடம் இருக்கிறதா? மறுநாளிலிருந்தே திரும்பிப் போக ஆரம்பித்துவிடுகிறதே! முறையாகக் கணக்குப் போட்டால் இது வருஷத்துக்கு நூற்றுக்கு 120 ரூபாய் வட்டிக்குக் குறையாது. சனியாவது ஏழரை வருஷத்தில் விடும் என்கிறார்கள்; தண்டல் நூறாம் நாள் முடிந்தால் நூற்றோராம் நாள் மறுபடி பிடித்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம், மீட்டர் வட்டியோடு தண்டலையும் பேர் சொல்லிக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் வேறு கடன் கிடைக்காதவனுக்குச் சட்டத்தை மாத்திரம் காட்டி என்ன பிரயோஜனம்? அதனால்தான் தெரு வியாபாரிகளுக்கு ஈடில்லாமல் பாங்கிக் கடன் கொடுக்கும் ஸ்வநிதித் திட்டத்தைச் சொல்லுகிறோம். 2020-ல் முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. 2025-ல் அதை 15,000 ஆக்கினார்கள். தவணை தவறாமல் கட்டினால் அடுத்தது 25,000, பிறகு 50,000. வட்டியிலும் நூற்றுக்கு 7 ரூபாய் சர்க்கார் திருப்பித் தருகிறது.

இதற்கு வியாபாரி என்ற அத்தாட்சி வேண்டும். அத்தாட்சியைக் கேட்க நம்மவர் கூச்சப்படுகிறார்; ரோட்டில் கடை போடுவதே குற்றம் என்று அவருக்கு எண்ணம். 2014-ம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கணக்கெடுத்து அத்தாட்சி கொடுக்கும் வரையில் அவரை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. இடம் மாற்றுவதானாலும் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். சாமான்களை எடுத்துப் போனால் கையெழுத்திட்ட பட்டியல் கொடுக்க வேண்டும்; உரியவர் கேட்டால் கெடாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள்ளும், காய்கனி போன்றதை அன்றைக்கே ஆனாலும் திருப்பித் தர வேண்டும். பட்டியல் கேட்காமல் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தால் யார் கொடுப்பார்கள்?

கம்பெனிகளுக்குச் சாப்பாடு சமைத்துத் தருகிறவர், அச்சடித்துத் தருகிறவர், துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் ஆகியோரின் கஷ்டம் வேறு. பில் கொடுத்து நாலு மாதமாகியும் பணம் வராது. இவர்கள் முதலில் உத்யம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற தரகனைத் துரத்திவிடலாம். பதிவு செய்தவருக்கு 45 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் பாங்கியின் வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாக, சேர வேண்டும் என்றும் 2006-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. வாங்கி விற்கிற கடைக்காரருக்கு மட்டும் இது பொருந்தாது.

"வட்டி கேட்டால் நாளைக்கு ஆர்டர் நின்றுவிடுமே" என்பார்கள். நிற்கலாம், அதை நாம் மறைக்கப் போவதில்லை. ஒரே கம்பெனியை அண்டியிருப்பவருக்கு இந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான். ஆகவே வட்டி கேட்டுக் கடிதம் எழுதுவதற்கு முன்பே, வருகிற பணத்தில் சரிபாதியாவது வேறிடத்திலிருந்து வரும்படி இன்னும் இரண்டு வாடிக்கைக்காரரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தரமணியில் கட்டடத்துக்கா பஞ்சம்?